சின்ன கிராமத்து இசை விழா: ஒரே ஸ்டேஜ்ல எட்டு விதமான குழுவை எப்படி ஏத்தி இறக்கறது

ஊருக்கு வெளிய ஒரு மைதானம், ஒரே ஒரு ஸ்டேஜ், சில நூறு பேர் கூட்டம். மேளக்காரங்க, கித்தாரோட தனியா பாடுறவங்க, முப்பது பேர் சேர்ந்து நின்னு பாடுற கோரஸ் குழு, ராக் பேண்ட், லேப்டாப்ல எலெக்ட்ரானிக் வாசிக்கிறவர், கதைப்பாட்டு பாடுறவர்னு எல்லாரும் ஒரே நாள்ல ஏறணும். இப்படி ஒரு விழா நடத்த உக்காந்தா முதல்ல எல்லாரும் பேசுறது யாரைக் கூப்பிடலாம்னுதான். அது முக்கியம்தான், ஆனா யாருக்கு அப்புறம் யாரு ஏறணும்ங்கறதுக்கு அதைவிட ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கன்னு சொல்லுவேன், ஏன்னா நல்ல குழுவையே தப்பான நேரத்துல ஏத்திட்டா அவங்க வாசிச்சது யார் காதுலயும் விழாது.

பெரிய விழான்னா நாலஞ்சு ஸ்டேஜ் இருக்கும், பிடிக்கலைன்னா அடுத்ததுக்கு நடந்து போயிடலாம். ஒரே ஸ்டேஜ்னா அந்த வழி கிடையாது, மொத்த கூட்டமும் எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணும், அதுதான் சின்ன விழாவோட பலமே. இங்கிலாந்துல க்ராப்ரெடிங்கற கிராமத்துல ஃபேர்போர்ட் கன்வென்ஷன் பேண்ட் நடத்துற விழா ரொம்ப பெருசா வளர்ந்த பிறகும் ஒரே ஸ்டேஜ்லதான் நடக்குது. ஒருத்தரை கேக்க வந்தவங்க இன்னொருத்தரை கண்டுபிடிச்சிட்டு போறது அங்கதான் நடக்கும்.

சரி, எத்தனை குழு? மதியம் 2 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும்னு வச்சுக்குவோம், 480 நிமிஷம். ஒரு குழுவுக்கு சராசரியா 40 நிமிஷம், அடுத்த குழு செட் ஆக 15 நிமிஷம், ஆக 55. வகுத்துப் பாத்தா எட்டு குழு வரும், கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தை தொடாதீங்க, எப்படியும் நாள் முழுக்க அங்கங்க கரைஞ்சு போயிடும். ஒன்பதாவதா ஒரு நல்ல குழு கேட்டா மனசு வராதுதான், ஆனாலும் அடுத்த வருஷம்னு சொல்லிடுங்க. ஆசைக்கு அளவு வைக்கலைன்னா எங்க போய் நிக்கும்னு பாக்கணும்னா 1982-ல இங்கிலாந்துல ஷெப்டன் மேலட்ல நடந்த முதல் வோமேட் விழாவைப் (பல நாட்டு இசையும் ஒண்ணா சேர்ற விழா) பாருங்க. பாடகர் பீட்டர் கேப்ரியல் முன்ன நின்னு தொடங்கினது, புருண்டி நாட்டு மேளக் குழுவும் எக்கோ அண்ட் தி பன்னிமென் ராக் பேண்டும் ஒரே விழாவுல வாசிச்சாங்க, இசையில அது பெரிய விஷயம், பணத்துல பெரிய நஷ்டம். கடனை அடைக்க அவரோட பழைய ஜெனஸிஸ் பேண்ட் அதே வருஷம் அக்டோபர்ல ஒண்ணா சேர்ந்து கச்சேரி பண்ண வேண்டியதாச்சு. நமக்கெல்லாம் அப்படி ஒரு பேண்ட் கைவசம் இல்லை, அதனால எட்டோட நிறுத்துங்க.

எட்டையும் தேர்ந்தெடுக்கும்போது, ஸ்டைல் வேற வேறயா இருக்கான்னு பாக்கறதோட ஓசை வேற வேறயா இருக்கான்னும் பாருங்க. நாட்டுப்புறம், ப்ளூஸ், மெலடி, இண்டின்னு நாலு பேர் வச்சு நாலுமே கித்தாரும் குரலும்தான்னா ரெண்டாவது ஆளுக்கே கூட்டம் சலிச்சிடும். தோல் வாத்தியம் ஒண்ணு, ஊதுறது ஒண்ணு, கூட்டுக்குரல் ஒண்ணு, தந்தி ஒண்ணு, ஃபுல் பேண்ட் ரெண்டு, எலெக்ட்ரானிக் ஒண்ணு, தனிக்குரல் ஒண்ணு, இப்படி போட்டா ஒவ்வொரு குழு ஏறும்போதும் காது புதுசா திரும்பும்.

ஆள் முடிவானதும், விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது எல்லார்கிட்டயும் விவரம் வாங்கிடணும். பேண்ட்காரங்க ஸ்டேஜ் ப்ளாட், இன்புட் லிஸ்ட்னு ரெண்டு பேப்பர் அனுப்பிடுவாங்க, யார் எங்க நிப்பாங்க எத்தனை மைக் வேணும்னு அதுல இருக்கும். பாரம்பரியக் கலைஞர்கள் பல பேர்கிட்ட அப்படி ஒரு பேப்பர் இருக்காது, அதுக்காக ஃபார்ம் அனுப்பி நிரப்பச் சொல்லாதீங்க, போன் போட்டு பொறுமையா பேசி நீங்களே எழுதிக்கோங்க. எத்தனை பேர் வர்றீங்க, யார் என்ன வாசிப்பாங்க, நின்னு வாசிப்பீங்களா உக்காந்தா, என்ன சுருதி, வாத்தியத்துல பிக்கப் (வாத்தியத்து மேலயே ஒட்டி ஓசையை எடுத்து வயர்ல அனுப்புறது) இருக்கா, உங்க கலையை முறையா பண்ண குறைஞ்சது எவ்வளவு நேரம் வேணும், இதெல்லாம் கேளுங்க. உக்காந்து வாசிக்கிறவங்கன்னா ஒரு அடி உயரத்துக்காவது ஸ்டேஜ் மேல இன்னொரு பலகை மேடை போடணும், இல்லைன்னா மூணாவது வரிசைக்கு பின்னாடி இருக்கறவங்களுக்கு தலை மட்டும்தான் தெரியும், அப்புறம் குட்டை மைக் ஸ்டாண்டும் வேணும், சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட முன்கூட்டி சொல்லலைன்னா அவர் நெட்டை ஸ்டாண்டு மட்டும்தான் வண்டியில ஏத்திட்டு வருவார். ட்ரம்மர் இடது கைக்காரரான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, மொத்த ட்ரம் செட்டையும் திருப்பிப் போட பத்து நிமிஷம் போயிடும்.

இப்போ வரிசைக்கு வருவோம், இதுல கொஞ்சம் நிதானமா நிக்கணும்.

பிரபலமானவர் கடைசில, தெரியாதவர் முதல்லங்கற ஒரே கணக்கை வச்சு வரிசை போடாதீங்க. ஓசையோட அளவு, வெளிச்சம், வெயில், யார் கூட யார் சொந்தக்காரங்க வருவாங்க, இதையெல்லாம் வச்சுப் போடுங்க. தொடக்கத்துக்கு மைக்கே தேவைப்படாத குழுதான் சரி. பறை, நாதஸ்வரம் தவில், பித்தளை பேண்ட், பேக்பைப் எல்லாமே வெட்டவெளிக்குன்னே வளர்ந்த வாத்தியங்கள், அவங்களை ஸ்டேஜ்ல ஏத்தாம மைதானத்து வாசல்ல இருந்து கூட்டத்துக்கு நடுவுல வாசிச்சுக்கிட்டே நடந்து வர வைங்க. வண்டி நிறுத்திட்டு ஆங்காங்க நிக்கிறவங்க எல்லாம் தானா பின்னாடி சேர்ந்து ஸ்டேஜ் முன்னாடி வந்துடுவாங்க, அதுக்குள்ள ஸ்டேஜ்ல அடுத்த குழு செட் ஆகி முடிச்சிருக்கும்.

கோரஸ் குழுவை முதல்ல போட்டுடற வழக்கம் பல இடத்துல இருக்கு, நான் அதுக்கு எதிர்ப்பு. முப்பது பேர் பாடினா அவங்க வீட்டு ஆளுங்க அறுபது பேராவது கூட வருவாங்க, முதல்லயே பாடி முடிச்சா அந்த அறுபது பேரும் மூணு மணிக்கே கிளம்பிடுவாங்க. நடுவுல வைங்க, சுமார் நாலு நாலரைக்கு. அவங்க சீக்கிரம் வந்து உக்காந்து முந்தின ரெண்டு குழுவையும் கேப்பாங்க, முடிஞ்சதும் ஒரு பாதி பேர் அடுத்ததுக்கும் இருப்பாங்க.

மெல்லிசான ஓசை எல்லாம் சத்தத்துக்கு முன்னாடி. இது மாறவே கூடாது. பலமான பேண்டை ஒரு மணி நேரம் கேட்ட காது கொஞ்ச நேரத்துக்கு உண்மையாவே மந்தமாயிடும், அது காதோட இயல்பு, அந்த நேரத்துல வீணையோ ஹார்ப்போ தனிக்குரலோ ஏறினா முதல் வரிசைக்கு பின்னாடி ஒண்ணும் போகாது, கூட்டமும் அந்த சூட்டுலயே பேசிக்கிட்டு இருக்கும். தந்தி வாத்தியத்துக்கும் தனிக்குரலுக்கும் நல்ல நேரம் சாயங்காலம் வெயில் தாழ்ந்து இருட்டுறதுக்கு முந்தின முக்கால் மணி நேரம். எலெக்ட்ரானிக் வாசிக்கிறவருக்கு லைட்டு வேணும், திரை வேணும், அதனால முழு இருட்டுக்கு அப்புறம்தான், பட்டப்பகல்ல அவரை ஏத்தினா லேப்டாப் பின்னாடி ஒருத்தர் குனிஞ்சு நிக்கிறதைத்தான் கூட்டம் பாக்கும். அருணாச்சலப் பிரதேசத்துல 2012-ல இருந்து நடக்குற சீரோ இசை விழாவுல இதுக்காகவே மூங்கில்ல பகல் ஸ்டேஜ் ஒண்ணு, ராத்திரி ஸ்டேஜ் ஒண்ணுன்னு ரெண்டு வச்சிருக்காங்க, சூரியன் பேர் ஒண்ணுக்கு சந்திரன் பேர் ஒண்ணுக்கு. ஒரே ஸ்டேஜ் இருக்கறவங்க அதே பிரிவினையை நேரத்துல பண்ணணும், அவ்வளவுதான்.

ரொம்ப பலமான குழுவை கடைசிக்கு வைக்காதீங்க, கடைசிக்கு முந்தினதா வைங்க. ராத்திரி தரை குளிர்ந்துடும், கீழ குளிர்ந்த காத்து மேல கொஞ்சம் சூடான காத்துன்னு ஆயிடும், அப்போ மேல போற சத்தம் வளைஞ்சு திரும்ப தரைக்கே வரும், பகல்ல கேக்காத தூரத்து வீட்டுக்கெல்லாம் பேஸ்ங்கற கீழ்த்தொனி சத்தம் தெளிவா போய் சேரும். பத்து மணிக்கு அது தேவையில்லாத சண்டை. கால் மணி நேரம் இடைவெளி விட்டு, எல்லாரும் கூட சேர்ந்து பாடக்கூடிய குழுவோட முடிங்க.

ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு நேரம்ங்கறதுல எல்லாருக்கும் சமமா 40 நிமிஷம்னு போட்டுடறது நியாயமா தெரியும், ஆனா அது நியாயம் இல்ல. பாட்டு பாட்டா நிக்கிற பேண்டுக்கு 30 நிமிஷத்துலயே ஏழு பாட்டு வந்துடும். ஆலாபனையில தொடங்கி மெதுவா விரியற இசைக்கு 30 நிமிஷம் கொடுத்தா கதவைத் திறந்ததும் மூடின மாதிரி. கதைப்பாட்டுக்கும் அப்படித்தான், பாதி கதையில இறக்க முடியாது. அவங்களுக்கு 50 கொடுங்க, பேண்டுல ஒண்ணுக்கு 30 கொடுங்க, காரணத்தை ரெண்டு பேருக்கும் முன்னாடியே சொல்லிடுங்க, வாசிக்கிறவங்களுக்கு இது நல்லா புரியும்.

அடுத்தது ஒரு குழு இறங்கி இன்னொண்ணு ஏறுற நேரம். சின்ன விழா பாதிக்கு மேல கெட்டுப்போறது இங்கதான். ஃபுல் பேண்ட் தன்னோட ட்ரம்ஸைக் கொண்டுவந்து மாட்டி இறக்க அரை மணி ஆகும், தனியா பாடுறவருக்கு அஞ்சு நிமிஷம் போதும், அதனால ரெண்டு ஃபுல் பேண்டை அடுத்தடுத்து வைக்காதீங்க, நடுவுல எலெக்ட்ரானிக் வாசிக்கிறவர் மாதிரி சத்தம் குறையாத ஒரு தனி ஆளை வைங்க. ட்ரம் கிட் ஒண்ணு, பேஸ் கித்தாருக்கு ஆம்ப் (ஓசையைப் பெருக்குற பெட்டி) ஒண்ணு, கித்தார் ஆம்ப் ரெண்டு, கீபோர்டு ஸ்டாண்டு ஒண்ணு, இது எல்லா பேண்டுக்கும் பொதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, ட்ரம்மர் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் சொந்தமா கொண்டு வந்தா போதும். ட்ரம்ஸ் ஸ்டேஜ் பின்பக்கம் ஒரு மேடையில காலையில இருந்து ராத்திரி வரை அசையாம இருக்கட்டும்.

எல்லா மைக்கோட ஓசையையும் சேர்த்து அளவு பண்ற மிக்ஸர்லயும் அதே மாதிரி நிலையா ஒரு கணக்கு வைங்க. 16 சேனல் (ஒவ்வொரு மைக்கும் உள்ள வர்ற வழி) இருந்தா 1-ல இருந்து 4 வரை ட்ரம்ஸ் (கிக், ஸ்நேர், மேல ரெண்டு மைக்), 5 பேஸ், 6, 7 கித்தார், 8, 9 கீபோர்டும் லேப்டாப்பும், 10-ல இருந்து 14 குரல், கடைசி ரெண்டும் தோல் வாத்தியத்துக்கோ புதுசா வர்ற எதுக்கோ. யார் ஏறினாலும் இது மாறாது, தேவையில்லாததை மியூட் பண்ணி வைக்கணும். டிஜிட்டல் மிக்ஸர்னா ஒவ்வொரு குழுவுக்கும் செட்டிங்கை சேவ் பண்ணிக்கலாம். காலையில நேரம் இருந்து சவுண்ட் செக் பண்றதா இருந்தா கடைசியா வாசிக்கிறவங்க முதல்ல, முதல்ல வாசிக்கிறவங்க கடைசியா பண்ணணும், அப்போதான் முதல் குழுவோட செட்டப் அப்படியே ஸ்டேஜ்ல நிக்கும்.

மாறும்போது நடக்கற ஒழுங்கைச் சொல்றேன். கடைசி பாட்டு முடிஞ்ச உடனே சவுண்ட்காரர் எல்லா சேனலையும் மியூட் போடணும், அதுக்கு அப்புறம்தான் யாரும் கேபிளைப் பிடுங்கணும், இல்லைன்னா ஸ்பீக்கர்ல டமார்னு ஒரு இடி விழும், ஸ்பீக்கரும் போகலாம் கூட்டத்தோட காதும் போகலாம். இறங்குறவங்க இடது பக்கமா இறங்கணும், ஏறுறவங்க வலது பக்கமா ஏறணும், எதிர எதிர வரக்கூடாது. இறங்கினவங்க கேபிள் சுத்துறது, பெட்டியில வைக்கிறது, நண்பர்கிட்ட பேசுறது எல்லாம் ஸ்டேஜுக்குக் கீழ. புதுசா ஏறினவங்க இடத்துல நின்னதும் சவுண்ட்காரர் ஒவ்வொரு சேனலா ஹெட்போன்ல கேட்டு வருதா இல்லையான்னு பாத்தா போதும், மிச்சத்தை முதல் பாட்டுலயே சரி பண்ணிக்குவார். இதையெல்லாம் பாத்துக்க ஒரே ஒருத்தர் இருக்கணும், ஸ்டேஜ் மேனேஜர், கையில வாட்ச், அவர் சொன்னா இறங்கியே ஆகணும், விழா நடத்துறவரோட மச்சானா இருந்தாலும் சரி.

அந்த 15 நிமிஷம் கூட்டம் என்ன பண்ணும்? பாட்டு போட்டு விடாதீங்க, அதைவிட நல்ல வழி இருக்கு. ஸ்டேஜுக்குப் பக்கத்துல தரையிலயே ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சு தனியா பாடுற ஒருத்தரை ரெண்டு மூணு பாட்டு பாட விடுங்க. நாள் முழுக்க ஒரே ஆள் வந்து வந்து பாடினா சாயங்காலத்துக்குள்ள மொத்த கூட்டத்துக்கும் அவர் பழகின முகம் ஆயிடுவார், இதுக்கு புதுசா எழுதி பாடுற இளம் பசங்க ரொம்ப பொருத்தம்.

ஓசை விஷயத்துல ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனி கவனிப்பு வேணும். வெட்டவெளியில சுவர் இல்லை, எதிரொலிச்சு தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லை, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர்ல இருந்து 5 மீட்டர்ல 90 இருந்தா 10 மீட்டர்ல 84, 20-ல 78, 40-ல 72. ஹால்ல கணீர்னு கேட்ட கோரஸ் குழு மைதானத்துல மெலிஞ்சு போறது இதனாலதான், அவங்க மேல தப்பில்லை. அவங்களை நெருக்கமா அரை வட்டமா நிக்க வச்சு, முன்னாடி மூணு கண்டென்சர் மைக் (தூரத்து மெல்லிசான ஓசையையும் பிடிக்கற வகை) போதும், மைக்குக்கும் வாய்க்கும் இருக்கற தூரத்தைப் போல மூணு மடங்கு மைக்குக்கும் மைக்குக்கும் இடைவெளி விடணும். மானிட்டர் (பாடுறவங்களுக்கே கேக்க அவங்க பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்) சத்தத்தை குறைச்சே வைங்க, கூட்டினா கீய்ய்னு கத்தும். கண்டென்சருக்கு மிக்ஸர்ல 48 வோல்ட் சப்ளை போடணும், காத்துக்கு பஞ்சு கவர் மாட்டணும்.

பிக்கப் மாட்டின வயலின், மாண்டலின், வீணைன்னா நேரா மிக்ஸர்ல சொருகாதீங்க, டிஐ பாக்ஸ்ங்கற சின்ன பெட்டி (வாத்தியத்து சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துறது) வழியா போகணும், இல்லைன்னா ஓசை தகரம் மாதிரி வரும். பறை, தவில், நாதஸ்வரம் ஸ்டேஜ்ல ஏறினாலும் மைக்கை வாத்தியத்துக்கு ஒட்டி வைக்காதீங்க, ரெண்டு மூணு அடி தள்ளி வச்சாலே தேவைக்கு மேல கிடைக்கும். பறையை வாசிக்கிறதுக்கு முன்னாடி தீயில காட்டி தோலை இறுக்குவாங்க, ஈரக்காத்து அடிச்சா நடுவுலயும் ஒரு தடவை காட்ட வேண்டியிருக்கும், அதுக்கு ஸ்டேஜ் பின்னாடி கேபிளும் ஜெனரேட்டரும் துணித்திரையும் இல்லாத ஒரு மூலையை காலையிலயே குறிச்சுக் கொடுங்க, பக்கத்துல ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணி. அந்தக் கலைஞர் வந்து நெருப்புக்கு இடம் கேட்டு அலையற நிலைமை வரக்கூடாது.

வெயில் சுருதியைக் கலைக்கும், இதை நேர அட்டவணையிலயே யோசிக்கணும். சூட்டுல கித்தார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், அதே சூட்டுல புல்லாங்குழல் மாதிரி ஊதுற வாத்தியம் சுருதி ஏறும், ரெண்டும் ஒரே குழுவுல இருந்தா உச்சி வெயில் அவங்களுக்கு நரகம். நிழல்ல ஸ்டேஜ் மாதிரியே சூடு இருக்கற இடத்துல வாத்தியத்தை அரை மணி முன்னாடி எடுத்து வச்சு பழக விடச் சொல்லுங்க. ஸ்டேஜ் முகம் மேற்கு பாத்து இருந்தா சாயங்கால வெயில் வாசிக்கிறவங்க கண்ணுலயும் வாத்தியத்துலயும் அடிக்கும், கிழக்கு பாத்து இருந்தா கூட்டத்தோட கண்ணுல அடிக்கும், அதனால வடக்கோ தெற்கோ பாத்து போடுங்க.

அறிமுகம் பண்றவர் சுருக்கமா பேசணும், ஆனா பழக்கமில்லாத கலைக்கு எதைக் கவனிக்கணும்னு ஒரே ஒரு கைகாட்டல் கொடுத்தா கேக்கறவங்களுக்கு பெரிய உதவி. "இவங்க முதல் பத்து நிமிஷம் மெதுவாத்தான் போவாங்க, அதுக்கு அப்புறம் வேகம் எடுக்கறதைப் பாருங்க", இவ்வளவு போதும். கூட்டம் என்ன எதிர்பாத்து உக்காந்திருக்குங்கறது சாதாரண விஷயம் இல்லை. 1965 ஜூலை 25 அமெரிக்காவுல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுல, சாதா கித்தாரோட தனியா பாடி பேர் வாங்கின பாப் டிலன் எலெக்ட்ரிக் பேண்டோட மூணே பாட்டு பாடினப்போ கூட்டத்துல ஒரு பகுதி கூச்சல் போட்டுச்சு, எலெக்ட்ரிக் கித்தார் பிடிக்காமயா, சவுண்ட் சரியில்லாமயா, மூணு பாட்டோட முடிச்சதாலயான்னு இன்னிக்கு வரைக்கும் வாதாடுறாங்க, அப்புறம் அவர் தனியா சாதா கித்தாரோட திரும்ப வந்து பாடினார். அந்த மூணுமே விழா நடத்துறவங்க முன்கூட்டி யோசிக்கக்கூடிய விஷயம்தான்.

கடைசில எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வாசிக்கணும்னு ஆசை இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே சுருதியை ஒப்பிட்டுப் பாருங்க. பாடகர் அஞ்சு கட்டைன்னு சொல்லுவார், கித்தார்காரர் ஜி-ன்னு சொல்லுவார், ரெண்டும் ஒண்ணுதான், பிரச்சினை இல்லை. ஸ்காட்லாந்து பேக்பைப் மாதிரி வாத்தியத்துலதான் சிக்கல், அதுல ஏ-ன்னு எழுதின ஸ்வரம் 470-ல இருந்து 480 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும், மத்தவங்களோட ஏ 440, அதாவது பி ஃபிளாட்டுக்குப் பக்கத்துல போயிடும், அவங்க மாத்திக்க முடியாது, மத்தவங்கதான் அவங்க சுருதிக்கு மாறி வரணும். தாளம் மட்டும் போதும்னா தோல் வாத்தியக்காரங்களை வச்சு முடிச்சுக்கோங்க, அது எப்பவும் கூடி வரும். சம்பளக் கவரை எல்லாருக்கும் அவங்க இறங்கின உடனே கொடுத்துடுங்க, நாட்டுப்புறக் கலைஞரைக் கடைசி வரைக்கும் காக்க வச்சு பேண்டுக்கு முன்பணம் கொடுக்கற பழக்கம் எங்க பாத்தாலும் எனக்கு மனசு கொதிக்கும்.

அட்டவணை கவுந்தா என்ன பண்றதுன்னும் எழுதி வச்சிடணும். 1969 ஆகஸ்ட் 15, அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுல திட்டப்படி முதல்ல ஏற வேண்டியவங்க டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்க, கித்தாரோட தயாரா இருந்த பாடகர் ரிச்சி ஹேவன்ஸை முதல்ல ஏத்தினாங்க, இறங்க விடாம திரும்பத் திரும்ப அனுப்பினதுல பாட்டே தீர்ந்து மேடையிலயே ஒண்ணைப் புதுசா பாடினார். உங்க எட்டுல கூப்பிட்ட அஞ்சாவது நிமிஷம் ஏறக்கூடியவங்க ரெண்டு பேராவது இருக்கணும், அவங்க மதியமே மைதானத்துக்கு வந்துடணும். இடி சத்தம் கேட்டா உடனே கரண்ட்டை நிறுத்தி எல்லாரையும் இறக்கிடுங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகாம திரும்ப ஏத்தாதீங்க, கூட்டம் கத்தினாலும் சரி. வெறும் மழைன்னா பக்கத்துல இருக்கற பள்ளிக்கூட ஹாலோ கொட்டகையோ கேட்டு வச்சிருங்க, மைக் இல்லாம உள்ள நடத்த கோரஸ் குழு, அக்கார்டியன், கதைப்பாட்டு, பித்தளை பேண்ட் எல்லாம் அருமையா சரிவரும், தோல் வாத்தியம் அந்த ஈரத்துல தொய்ஞ்சு போகும். உள்ள போற வரிசை என்ன, யார் முதல்ல, யார் நம்பர் என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஸ்டேஜ் மேனேஜர் பாக்கெட்ல வச்சிடுங்க, நனைஞ்ச கையில போன் ஸ்க்ரீன் சரியா வேலை செய்யாது.